காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது? மும்பை வீட்டுக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் வாடகை வீட்டுச் சண்டைகள்தான் அதிகம். முலுண்ட், டோம்பிவிலி, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, எல்லாமே வீட்டு விவகாரம்.

முலுண்ட் வாசகி: எங்கள் இரண்டாவது ஃபிளாட்டை என் கணவர் ஒரு குடும்பத்துக்கு 36 மாத லீவ் அண்ட் லைசென்ஸில், அதாவது வாடகைதாரர் உரிமை தராமல் குறிப்பிட்ட காலம் மட்டும் இருக்க அனுமதிக்கும் ஒப்பந்தத்தில், கொடுத்தார். முறையாகப் பதிவு செய்த ஒப்பந்தம். மாதம் 28,000 ரூபாய், டெபாசிட் ஒரு லட்சம். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. "பையன் பத்தாவது படிக்கிறான், பரீட்சை முடியட்டும்" என்கிறார்கள். மாதாமாதம் பணம் மட்டும் என் கணக்கில் ஜிபேயில் வந்து விழுகிறது. தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது பூட்டை மாற்றிவிடுங்கள் என்று சொசைட்டி செக்ரட்டரி சொல்கிறார். ரொம்ப நாள் இருந்தால் வீடு அவர்களுக்கே போய்விடும் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் பூட்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் அம்மா. லைசென்ஸ் முடிந்துபோனாலும், உள்ளே இருப்பவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றும் உரிமை வீட்டின் சொந்தக்காரருக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் பூட்டை மாற்றினால் அவர்கள் ஆறு மாதத்துக்குள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்று கோர்ட் பார்க்காது. உள்ளே இருந்தவரை முறை தவறி வெளியே தள்ளினார்களா என்பதை மட்டும் பார்த்து, ஆமாம் என்றால் திரும்ப உள்ளே விடச் சொல்லிவிடும். அதோடு போகாது. "என் நகையைக் காணோம், பையனின் புத்தகமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது" என்று போலீஸில் ஒரு புகார் வரும். அதற்குப் பதில் சொல்ல ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது நீங்கள், செக்ரட்டரி இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், உங்கள் கையில் நல்ல பேப்பர் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், அதில் 24-ஆவது பிரிவு முழுக்க உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. குடியிருக்க லைசென்ஸில் கொடுத்த வீடு, காலம் முடிந்தது, அவர் போகவில்லை. இவ்வளவுதான் நீங்கள் காட்ட வேண்டியது. சாதாரண கோர்ட்டுக்குப் போக வேண்டாம், காம்பிடென்ட் அத்தாரிட்டி என்று அரசு நியமித்த தனி அதிகாரியிடம் மனுப் போடலாம். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தில் இருப்பதே முடிவான சாட்சி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. "வாய்வார்த்தையாக இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொன்னார், உங்கள் கணவர் ஒத்துக்கொண்டார்" என்ற கதையெல்லாம் அங்கே எடுபடுவது கஷ்டம்.

கணவர் பெயரில் இருந்த ஒப்பந்தம் என்பதால் தயங்க வேண்டாம். உரிமையாளர் இறந்தபின் அந்த இடத்துக்கு வரும் வாரிசும் இந்தப் பிரிவின்படி உரிமையாளர்தான். இறப்புச் சான்றிதழ், சொசைட்டி ஷேர் சர்டிபிகேட், நாமினேஷன் இருந்தால் அதன் நகல், இவற்றை எடுத்து வையுங்கள். நாமினி என்பதால் மட்டும் முழு உரிமையும் வந்துவிடாது. பிள்ளைகள் இருந்தால் அம்மா மனுப் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர்களிடம் அஃபிடவிட் வாங்கிக்கொள்வது நல்லது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

மனுப் போட்டதும் அவர்களுக்குச் சம்மன் போகும். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர்கள் அஃபிடவிட்டோடு வந்து, எதிர்த்து வாதாட எங்களுக்கு அனுமதி வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உங்கள் மனுவில் இருப்பதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு வெளியேற்றும் உத்தரவு போடலாம். கேட்டாலும், காலம் முடியவில்லை என்று அவர்களால் காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. உத்தரவு வந்தபின் மேல்முறையீடு கிடையாது, திருத்த மனு (ரிவிஷன்) மட்டும் உண்டு.

அப்புறம் அந்த ஜிபே பணம். ஐந்து மாதமாக 28,000 வருகிறது, நீங்களும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். காலம் முடிந்தபின் இருப்பவர் ஒப்பந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று அதே 24-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் கணக்கில் மாதம் 56,000 ரூபாய். வருகிற பணத்துக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், பழைய கணக்கிலேயே தொடர்ந்து இருக்க நீங்கள் சம்மதித்ததாக அவர்கள் பேசுவார்கள். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். லைசென்ஸ் இந்தத் தேதியோடு முடிந்தது, அதற்குப் பின் நீங்கள் அனுப்பிய, இனி அனுப்பும் எந்தப் பணமும் நஷ்டஈட்டின் ஒரு பகுதியாக மட்டுமே வரவு வைக்கப்படும், இதனால் என் உரிமை எதுவும் விட்டுப்போகாது, இத்தனை நாளில் காலி செய்யுங்கள், டெபாசிட்டைச் சாவி கைக்கு வந்ததும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிறேன் என்று. 24-ஆவது பிரிவு நோட்டீஸைக் கட்டாயம் கேட்கவில்லை, ஆனாலும் அனுப்புங்கள், பின்னால் பேச்சு மாற இடமிருக்காது. ஒப்புதல் சீட்டு வரும்படி தபாலில் போடுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தபால் "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தபால்காரரின் பேனாக் கிறுக்கலும் தேதி முத்திரையும் இருக்கும் அந்த மூடிய உறை, நோட்டீஸ் சேர்ந்ததற்குச் சமமான சாட்சி.

டெபாசிட் ஒரு லட்சத்தை வேறு செலவுக்கு எடுத்திருந்தால் முதலில் அதைச் சேர்த்து வையுங்கள். "டெபாசிட் தரட்டும், நான் போகிறேன்" என்பது எல்லாக் குடித்தனக்காரரும் சொல்கிற வாதம், பல நேரம் நியாயமான வாதமும்கூட. பணம் தயாராக இருந்தால் அது அங்கேயே அடங்கிவிடும்.

பத்தாவது படிக்கும் பையனைப் பற்றி. அது பொய்க் காரணம் என்று நான் நினைக்கவில்லை, மார்ச்சில் பரீட்சை இருக்கும் பையனை நவம்பரில் வீடு மாற்றுவது கொடுமைதான். உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் கால அவகாசம் கொடுங்கள், ஆனால் வாய்வார்த்தையாகக் கொடுக்காதீர்கள். மனுவைப் போட்டுவிட்டு, அந்த அதிகாரியின் முன்னிலையிலேயே கன்சென்ட் டெர்ம்ஸ் (இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள்) எழுதிக் கையெழுத்துப் போடலாம்: ஏப்ரல் 30-க்குள் காலி செய்கிறோம், அதுவரை மாதம் இவ்வளவு கொடுக்கிறோம், செய்யாவிட்டால் வெளியேற்றும் உத்தரவை நிறைவேற்ற எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று. அப்படிச் செய்தால் பையனும் பரீட்சை எழுதுவான், மே மாதம் பிறக்கும்போது உங்கள் கையில் நிறைவேற்றக்கூடிய உத்தரவும் இருக்கும். அவர்கள் உண்மையாகவே பரீட்சைக்காகக் கேட்கிறார்கள் என்றால் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்கள். தயங்கினால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் அண்ணனின் பயம் அவராகக் கற்பனை செய்தது இல்லை. பழைய 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டத்தைத் திருத்தி, 1973 பிப்ரவரி 1 அன்று லைசென்ஸில் குடியிருந்தவர்களை ஒரே நாளில் பாதுகாப்புள்ள வாடகைதாரர்களாக ஆக்கினார்கள். அன்றைக்குப் பல குடும்பங்களுக்கு வீடு கைவிட்டுப் போனது. அந்த அடி இந்த ஊரில் இன்னும் பேசப்படுகிறது, பலர் ஃபிளாட்டைப் பூட்டியே வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். 1999 சட்டம் அதை அடியோடு மாற்றியது. இன்று லைசென்ஸில் இருப்பவர் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார். 11 மாதத்துக்கு மேல் எழுதினால் ஆபத்து என்ற பேச்சையும் விட்டுவிடலாம், மகாராஷ்டிரத்தில் 11 மாத ஒப்பந்தமானாலும் 36 மாத ஒப்பந்தமானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும், இரண்டுக்கும் 24-ஆவது பிரிவு ஒன்றுதான்.

கடைசியாக, உத்தரவு வந்தும் அவர்கள் நகராவிட்டால் அதிகாரியின் ஆட்கள், தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு, வந்து வீட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நாளில் நீங்கள் தனியாகப் போகாதீர்கள். கட்டிடத்தில் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூட்டுத் திறக்கும் ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் பஞ்சநாமாவில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பட்டியலில், ஏறட்டும்: கேஸ் சிலிண்டர் எத்தனை, குக்கர் எத்தனை, கட்டில் எந்த அறையில், பீரோ பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது வரை. இதற்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போகும், போகட்டும். அவசரப்பட்டு மூட்டை கட்டி மாடிப்படியில் வைத்தால் பின்னால் வரும் வழக்கு அந்த மூட்டையைப் பற்றியதாக இருக்கும்.

டோம்பிவிலி வீட்டுக்காரர்: ரிட்டையர் ஆகி திருநெல்வேலிக்கே வந்துவிட்டேன். டோம்பிவிலி வீட்டில் இருப்பவர் லைசென்ஸ் முடிந்தும் போகவில்லை. ஒவ்வொரு ஹியரிங்குக்கும் ரயில் ஏறி வர என் முட்டி ஒத்துழைக்காது. மச்சினருக்குப் பவர் கொடுத்தால் போதுமா?

பதில்: மனுவில் கையெழுத்துப் போட, வக்கீலை வைக்க, தேதிக்கு ஆஜராக, சாவியை வாங்க, எல்லாவற்றுக்கும் பவர் போதும். திருநெல்வேலியிலேயே நோட்டரி முன்போ, இன்னும் நல்லது, சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்திலோ எழுதி அனுப்பலாம். "என் சார்பில் எல்லாம் செய்ய" என்று பொதுவாக எழுதாமல், எந்த வீடு, யார் மீது, எந்தச் சட்டத்தில், சமாதானம் பேசும் அதிகாரம் உண்டா இல்லையா என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். சமாதான அதிகாரத்தை யோசித்துக் கொடுங்கள், மச்சினர் நல்லவராகவே இருந்தாலும் அவர் ஒத்துக்கொண்ட தேதியில் நீங்கள் கட்டுப்படுவீர்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் பவர் நிற்காது. உங்களுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயத்துக்கு உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் சாட்சி சொல்ல முடியாது, இதையும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் பேசும்போது அறையில் நீங்களும் அவரும் மட்டும்தான் இருந்தீர்கள், மச்சினர் அங்கே இல்லை என்றால், அந்தப் பேச்சைப் பற்றி எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. உங்கள் ஒப்பந்தம் பதிவானது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வாய்ச் சாட்சிக்குப் பெரிய வேலை வராது. பதிவு ஒப்பந்தத்தின் சான்றிட்ட நகல் எடுங்கள், இண்டெக்ஸ் டூ (பதிவு அலுவலகம் தரும் பதிவுச் சுருக்கம்) எடுங்கள், அவர் காலி செய்கிறேன் என்று எழுதிய மெசேஜ் ஏதாவது இருந்தால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள். புதுப் போன் வாங்கினாலும் பழையதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாட்டுங்கா வாசகர்: தாத்தா கட்டிய பழைய கட்டிடம். எட்டுக் குடித்தனம், எல்லாம் பகடி, அதாவது ஆரம்பத்தில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் இருப்பவர்கள். ஒருவர் மாதம் 240 ரூபாய் கொடுக்கிறார், ஆனால் குடும்பத்தோடு நவி மும்பையில் இருக்கிறார், இங்கே வீடு பூட்டிக்கிடக்கிறது. என் மகளுக்குக் கல்யாணம் ஆகி இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசை. 24-ஆவது பிரிவில் போடலாமா?

பதில்: முடியாது. அவர் லைசென்ஸில் இருப்பவர் இல்லை, முழுப் பாதுகாப்புள்ள வாடகைதாரர். வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, நிபந்தனைகளையும் கடைப்பிடிக்கும்வரை அவரை அசைக்க முடியாது என்பது பொது விதி. அதற்கு விதிவிலக்காக 16-ஆவது பிரிவில் சில காரணங்கள் உண்டு. உங்களுக்கு அதில் இரண்டு பொருந்தலாம்.

முதலாவது, வீட்டை எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு, வழக்குப் போடுவதற்கு முந்தைய ஆறு மாதம் தொடர்ச்சியாக, நியாயமான காரணமின்றிப் பயன்படுத்தாமல் இருப்பது. உங்கள் வழக்கு இதில்தான் வலுவாக இருக்கிறது. ஆனால் "பூட்டிக்கிடக்கிறது" என்று நீங்கள் சொன்னால் போதாது, கோர்ட்டில் காட்ட வேண்டும். மின்சார பில்லில் யூனிட் எவ்வளவு ஓடியிருக்கிறது, கேஸ் கனெக்‌ஷன் எங்கே இருக்கிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளி, வாக்காளர் பட்டியலில் எந்த முகவரி, இவைதான் பேசும். மாதம் ஒருமுறை வந்து விளக்குப் போட்டுவிட்டுப் போனால் போதும் என்று நினைக்கும் வாடகைதாரர்கள் இருக்கிறார்கள், அதனால் ஒரு மாத பில்லைக் காட்டி வழக்குப் போடாதீர்கள், ஒரு வருடத்து பில்களை வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார். உடம்பு சரியில்லை, கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரர் ரிப்பேர் செய்யவில்லை என்பார். கூரை உண்மையிலேயே ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்து, சரிசெய்ததற்குப் பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்தத் தேவை. மகளுக்காக என்பது தேவையாக வரலாம், ஆனால் அது நேர்மையான, நியாயமான தேவை என்று காட்ட வேண்டும். அதற்கு மேலும் ஒரு தராசு உண்டு: உங்களுக்குக் கிடைக்காவிட்டால் வரும் கஷ்டம் பெரிதா, அவரை வெளியேற்றினால் அவருக்கு வரும் கஷ்டம் பெரிதா என்று கோர்ட் பார்க்கும். அவருக்கு நவி மும்பையில் வீடு இருப்பது உங்களுக்குச் சாதகம். அதே கட்டிடத்தில் உங்களிடம் வேறு காலி அறை இருந்தால் பாதகம், அதை மறைக்கவும் கூடாது. இந்த வழக்கு கிரேட்டர் மும்பைக்குள் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் போட வேண்டும், அப்பீல் அதே கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போகும், அதற்குப் பின் ஹைகோர்ட். வருடக் கணக்கில் இழுக்கும் வேலை. மகளின் கல்யாணத்தை இதை நம்பி நிச்சயம் செய்யாதீர்கள்.

அதனால் முதலில் நேராக அவரோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் சொல்வேன். பகடி என்றாலே மேஜைக்குக் கீழே என்ற காலம் போய்விட்டது. வாடகைதாரர் தன் உரிமையை விட்டுக்கொடுக்கப் பணம் வாங்குவதை 1999 சட்டத்தின் 56-ஆவது பிரிவே அனுமதிக்கிறது. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு ஒரு நியாயமான தொகை பேசி, செக்கில் கொடுத்து, ஒப்படைப்பைப் பதிவு செய்துகொண்டால் இரண்டு பேருக்கும் வக்கீல் செலவு மிச்சம். இன்னொன்று: வருடத்துக்கு 4 சதவீதம் வாடகை உயர்த்த அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. 240 ரூபாயிலேயே நிற்கிறது என்றால் இத்தனை வருடமாக யாரும் அதைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். மற்றக் குடித்தனங்களுக்கும் சேர்த்து அதை முறையாக எழுதிக் கேட்கத் தொடங்குங்கள்.

வாடகை பாக்கியை வைத்து வழக்குப் போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், ஆனால் பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 90 நாள் காத்திருக்க வேண்டும். வழக்கு போட்டபின்னும் சம்மன் கிடைத்த 90 நாளில் அவர் பாக்கியை 15 சதவீத வட்டியோடு கோர்ட்டில் கட்டிவிட்டு, தொடர்ந்து வாடகையும் கட்டி வந்தால் தப்பித்துவிடுவார். 240 ரூபாய் பாக்கியை யார்தான் கட்டமாட்டார்கள்? அந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

தாராவி வாசகர்: என் ரூமுக்கு மேலே மாடி போட்டு, எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். எழுத்து எதுவும் இல்லை, ஊர்ப்பழக்கம்தான். எட்டு மாதமாக வாடகை தரவில்லை. மறுசீரமைப்புக்காக வீடு வீடாகச் சர்வே நடக்கும்போது அவர் பேர் ஏறிவிட்டால் என்ன ஆவது என்று தூக்கமே வரவில்லை. பழைய தேதி போட்டு ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று தயார் செய்யலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட்.

பதில்: அந்த ஏஜென்டை இனி வீட்டுப் பக்கம் விடாதீர்கள். பழைய தேதி போட்ட பேப்பர் போலி ஆவணம், அதைக் கோர்ட்டிலோ சர்வே அதிகாரியிடமோ காட்டிய அன்றே நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள், உங்கள் உண்மையான உரிமையும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

உங்கள் நிலைமை மற்றவர்களுடையதைவிடக் கடினமானது, அதை மறைக்காமல் சொல்கிறேன். வாடகைக்கோ லைசென்ஸிலோ எப்படிக் கொடுத்தாலும் எழுதிப் பதிவு செய்வது உரிமையாளரின் பொறுப்பு என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது. செய்யாவிட்டால் நிபந்தனைகளைப் பற்றி வாடகைதாரர் என்ன சொல்கிறாரோ அதுவே, நீங்கள் வேறுவிதமாக நிரூபிக்கும்வரை, நிற்கும். தண்டனையும் உண்டு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் யாரையாவது வெளியேற்ற வழக்குப் போடுவதற்கு முன்பே 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் 22-ஆவது பிரிவின்படி அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போது, அவர் வெளியேறினால் அவர் வசதிக்கு ஏற்ற வேறு இடம் கிடைக்குமா என்றும் பார்ப்பார்கள். இந்த அனுமதி இல்லாமல் போட்ட வழக்குகள் வாசலிலேயே விழுந்துவிடும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அவர் முன்பு கொடுத்த வாடகைக்கு ஏதாவது தடம் இருக்கிறதா பாருங்கள், ஜிபே வரவு, சீட்டுக் கணக்கு நோட்டில் எழுதியது, "இந்த மாதம் கொஞ்சம் பொறுங்கள் அண்ணே" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அவர் உங்களுக்கு வாடகை கொடுத்தவர் என்று நின்றுவிட்டால், நீங்கள் உரிமையாளரே இல்லை என்று அவர் பின்னால் பேச முடியாது, வாடகைதாரருக்குச் சட்டம் அந்தத் தடையைப் போட்டிருக்கிறது. பாக்கிக்கு 90 நாள் நோட்டீஸ் கொடுங்கள். சர்வேயைப் பொறுத்தவரை உங்கள் பெயரில் உள்ள மின்சார பில், ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல், போட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த அடையாளச் சீட்டு) இருந்தால் அது, எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். இலவச மாற்று வீட்டுக்கு 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பு இருந்ததைக் காட்டுவது இந்த ஊரில் முக்கியம். நீங்கள் அதற்கு முந்தைய தாளைத் தேட வேண்டும், ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தாலும் போய் எடுத்து வாருங்கள்.

தாராவியில் ஊர்ச்சங்கங்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. இரண்டு பக்கமும் மதிக்கிற பெரியவர்களை வைத்துப் பேசி, பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்தாவது போகும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். ஆனால் பையன்களை அனுப்பி மிரட்டுவது, மாடிப்படியை எடுத்துவிடுவது, இந்த வேலை வேண்டாம். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சயான் வாசகி: நான் வாடகைக்கு இருப்பவள். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அதிக வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம், இரண்டு நாளாகத் தண்ணீரை அடைத்துவிட்டார்.

பதில்: தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 1999 சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடை செய்கிறது. வால்வு அடைக்கப்பட்டிருப்பதைப் போட்டோ எடுங்கள், சொசைட்டிக்கு எழுதுங்கள், போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள், வங்கி வழியாகத் தேதி தவறாமல் கட்டுங்கள். இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன், நான்கு மாதம் பொறுத்தால் 24-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். இன்றைக்கு வால்வை மூடினால் நாளைக்கு அதிகாரியின் முன் தலைகுனிந்து நிற்பது நீங்கள்.

கோரேகாவ் வாசகர்: மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டம் வந்துவிட்டதாமே, இரண்டு மாதம் இரட்டை வாடகை, அப்புறம் நான்கு மடங்கு கேட்கலாமாமே?

பதில்: 2021-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது ஒரு மாதிரி வரைவுக்கு. நீங்கள் சொல்லும் இரட்டை, நான்கு மடங்கு கணக்கு அதில் இருப்பது உண்மைதான். ஆனால் மாநிலம் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டால்தான் அது செல்லும். மும்பையில் உங்கள் வழக்கு நடப்பது 1999 சட்டத்தில்தான், அங்கே இரண்டு மடங்குதான். நோட்டீஸில் நான்கு மடங்கு என்று எழுதி எதிர் வக்கீலுக்குப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

செம்பூர் வாசகர்: ஸ்டேஷன் ரோட்டில் என் கடையை லைசென்ஸில் கொடுத்தேன், அவர் டிபன் சென்டர் நடத்துகிறார். காலம் முடிந்துவிட்டது. காம்பிடென்ட் அத்தாரிட்டியிடம் போனால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள்.

பதில்: அந்த வழி குடியிருக்கக் கொடுத்த இடத்துக்கு மட்டும். கடை என்பதால் நீங்கள் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் 1882-ஆம் ஆண்டு பிரெசிடென்சி ஸ்மால் காஸ் கோர்ட்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் வழக்குப் போட வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். அதனால் வழக்கோடு சேர்த்தே, காலம் முடிந்த நாளிலிருந்து சந்தை மதிப்பில் நஷ்டஈடு கேளுங்கள். டிக்ரி வந்தபின் அவர் அப்பீலுக்குப் போய் ஸ்டே கேட்டால், ஸ்டே கொடுக்கும் கோர்ட் அவரை நியாயமான தொகை கட்டச் சொல்லலாம், அது பழைய வாடகையாகவே இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்லியிருக்கிறது. பக்கத்துக் கடைகள் இன்று என்ன வாடகைக்குப் போகின்றன என்பதற்கு இரண்டு மூன்று பதிவு ஒப்பந்தங்களின் இண்டெக்ஸ் டூ எடுத்து வைத்துக்கொண்டால் அந்தத் தொகை பேசும்போது உதவும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் கடைசிப் பக்கம் இல்லை. லைசென்ஸ் முடியும் தேதியும் சாட்சிக் கையெழுத்தும் அதில்தான் இருக்கும், முழு நகலோடு வக்கீலைப் பாருங்கள்.